கடலோரச் சென்னையில் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு

ராயபுரத்தில் மெட்ராஸ் தளம் (தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய காலத்துக் கூரை) போட்ட ஒரு பழைய வீட்டை வாங்கி ஏழு வருஷமாக அதில் குடியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிற நண்பர்கள் முற்றத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "எங்களுக்கும் இப்படி ஒன்று வேணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இடித்துவிட்டு நாலு மாடி கட்ட நினைக்கிறவர்களுக்கு இது உதவாது. பழைய வீட்டைப் பழைய வீடாகவே வைத்துக்கொண்டு வாழ ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. பாய்மரக் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும்தான். ராயபுரத்தின் தூய இராயப்பர் ஆலயமே அந்தப் படகுக்காரர்கள் எழுப்பியது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் கிளம்பியது. ஆர்மீனியப் பெயரைச் சுமக்கும் அராத்தூண் சாலையில் 1910இல் கட்டிய பார்சி அக்னிக் கோயில் இருக்கிறது. தெற்கே சாந்தோமில் போர்ச்சுக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே குடியேறிவிட்டார்கள். துறைமுகத்துக்குள் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றைக்கும் பாய்மரப் படகு ஓட்டிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இத்தனை பேர் வந்து போன மண்ணில் ஒரு மனை எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை விதமாக எழுதி வைக்கப்பட்டிருக்கும் என்பது முதலில் மனதில் பதிய வேண்டும். பழைய வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தேக்குத் தூணையும் சிவப்புத் தரையையும் பார்த்து மயங்கி, அது நிற்கிற மண் யாருடையது என்பதைக் கடைசியில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு தடவை ஏமாந்தேன். அதைக் கீழே சொல்கிறேன்.

தெருவைப் பார்க்க மூன்று தடவை போங்கள்

முதல் தடவை ஒரு விடிகாலை. காசிமேட்டில் மீன் ஏலம் விடியும் முன்பே சூடு பிடித்துவிடும், ஞாயிற்றுக்கிழமை என்றால் பக்கத்துத் தெருக்களெல்லாம் வண்டியும் ஐஸ் பெட்டியுமாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், ஊரே அமைதியாக இருக்கும், வாடையும் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் வந்து பார்த்துவிட்டு "எவ்வளவு சாந்தமான இடம்!" என்று அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எனக்கு அந்த வாடை பழகிவிட்டது, என் மனைவிக்கு ஒரு வருஷம் ஆனது. உங்கள் வீட்டில் யாருக்காவது அது ஆகவே ஆகாது என்றால் சாந்தோம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் தேடுவது நல்லது.

இரண்டாவது தடவை வேலைநாளில் சாயங்காலம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசை கட்டி நிற்பதைக் கண்ணால் பாருங்கள். உங்கள் தெருவிலிருந்து வெளியே வர எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுங்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தபின் வடசென்னையிலிருந்து வேலைக்குப் போவது நிஜமாகவே சுலபமாகிவிட்டது, அதனால் வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவைதான் முக்கியம்: ஐப்பசி, கார்த்திகையில், மழை கொட்டுகிற அன்றைக்கு. பழைய தெருக்களில் ரோட்டைச் சுரண்டாமலே மேலே மேலே தார் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணை இன்றைக்கு ரோட்டுக்குச் சமமாக, சில இடங்களில் ஒரு படி இறங்கிப் போகிற பள்ளமாக ஆகிவிட்டது. வாசலில் எத்தனை படி ரோட்டுக்கு மேலே இருக்கிறது என்று எண்ணுங்கள். அப்புறம் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களிடம் கேளுங்கள். நான் எங்கள் தெருவில் ஒரு ஆயாவிடம் கேட்டேன்: "மழை வந்தா தண்ணி எதுவரைக்கும் நிக்கும் ஆயா?" அவர் தெருமுனை மின்கம்பத்தைக் காட்டி, "2015லயும் அந்தப் பக்கம்தான் நின்னுச்சு, போன மிக்ஜாம்லயும் அங்கதான். இந்தப் பக்கம் மேடு கண்ணு" என்றார். எந்தப் புரோக்கரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த நடையிலேயே இன்னொன்றையும் கவனியுங்கள். அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னல் கிரில், ஏசியின் வெளிப்பெட்டி, கேட் கீல் எல்லாம் எந்த அளவுக்குத் துருப்பிடித்திருக்கின்றன? அதுதான் அந்தத் தெருவுக்கு உப்புக்காற்று எவ்வளவு வருகிறது என்பதன் அளவுகோல். ஒரே பேட்டையில் இரண்டு தெரு தள்ளினால் கூட வித்தியாசம் தெரியும்.

மண் யாருடையது

வீட்டுக்குள் நுழையும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு கேள்விதான், ஆனால் இதற்குப் பதில் கிடைக்காமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்: "அடிமனையும் உங்களுடையதா?"

பழைய சென்னையில் கட்டடம் ஒருவருக்கும் அது நிற்கும் மனை இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது சாதாரணம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் கோயில் அடிமனை நிறைய உண்டு. மற்ற இடங்களில் தேவாலயம், வக்ஃப், அறக்கட்டளை நிலங்கள் இருக்கின்றன. மூன்று தலைமுறையாக வீட்டில் இருப்பார்கள், வீட்டு வரி அவர்கள் பெயரில் இருக்கும், கரண்ட் பில் அவர்கள் பெயரில் இருக்கும், ஆனால் மாதாமாதம் கோயிலுக்கு மனை வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள். கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. மனை வாடகைதாரர் தான் கட்டிய கட்டடத்துக்கு அடியில் உள்ள நிலத்தை விலைக்குக் கேட்கலாம் என்று 1921ஆம் வருஷத்து நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுத்தது உண்மைதான், ஆனால் 1996இல் கோயில் போன்ற சமய நிறுவனங்களின் நிலங்களை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். "அந்தச் சட்டம் இருக்கு சார், அப்புறம் வாங்கிக்கலாம்" என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்ப வேண்டாம்.

என் கதை இதுதான். நாங்கள் முதலில் பார்த்த வீடு இப்போது இருப்பது இல்லை. அது இதைவிட அழகானது: உள்ளே முற்றம், மாடிக்கு மரப்படி, ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பார்த்த பத்தாவது நாள் இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பத்திரத்தில் சொத்து விவரத்தைப் படித்த வக்கீல்தான் ஒரு வார்த்தையில் விரலை வைத்தார். "மேல்கட்டடம் மட்டும்" என்று இருந்தது. அடிமனை ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தம். விற்க வந்தவர்கள், "நாங்க மறைக்கலை, நீங்க கேட்கலை, அவ்வளவுதான்" என்றார்கள். பணத்தைத் திரும்ப வாங்க பதினோரு மாதம் ஆனது. அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது இன்றைக்கும் மனசு கனக்கும்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் டி.எஸ்.எல்.ஆர். என்கிற நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் எடுங்கள். அரசின் இ-சேவை தளத்தில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் கொடுத்தால் வரும். நிலம் யார் பெயரில், என்ன வகையில் இருக்கிறது என்று அதில் இருக்கும். புறம்போக்கா, சமய நிறுவனத்துடையதா என்பது அங்கேயே வெளிச்சமாகிவிடும். பல வீடுகளுக்குப் பதிவேட்டில் தாத்தா பெயரே இருக்கும். அது தப்பு இல்லை, ஆனால் தாத்தாவிலிருந்து இன்றைக்கு விற்கிறவர் வரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும்.

பழைய பத்திரங்களில் பழைய சர்வே எண், மறு சர்வே எண், கலெக்டர் சான்றிதழ் எண் என்று மூன்று விதமான எண்கள் இருக்கும். புதுசாக வருகிறவர்கள் இதைப் பார்த்து மிரண்டுபோவார்கள். இவை எல்லாம் இன்றைய டவுன் சர்வே எண்ணோடு பொருந்துகின்றனவா என்று வக்கீலும் சர்வேயரும் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். அதோடு சக்குபந்தி, அதாவது நான்கு எல்லைகள். "வடக்கே இன்னார் வீடு, கிழக்கே பொதுச் சந்து" என்று 1930களில் எழுதியதில் அந்த இன்னார் யார், அந்தச் சந்து இன்னும் இருக்கிறதா, யாராவது மறைத்துக் கழிவறை கட்டிவிட்டார்களா என்று நேரில் போய் டேப் பிடித்து அளக்க வேண்டும். ஒட்டி ஒட்டிக் கட்டிய தெருக்களில் பக்கச் சுவர் பொதுச் சுவராக இருக்கும், கிணறு பொதுவாக இருக்கும். பொதுச் சுவரை நீங்கள் நினைத்தபடி உடைக்கவோ அதன்மேல் மாடி ஏற்றவோ முடியாது. அதைப் பத்திரத்திலேயே எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

தாய்ப் பத்திரம், வாரிசு, வில்லங்கம்

பதிவுத் துறையின் தளத்தில் 1975 முதல் வில்லங்கச் சான்று எடுக்கலாம். அதற்கு முந்தையதற்கு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் மனு கொடுத்துக் கையால் தேடிக் கொடுப்பதை வாங்க வேண்டும். வங்கிக்கு 30 வருஷம் போதும் என்பார்கள். நூறு வருஷ வீட்டுக்கு அது போதாது. தாய்ப் பத்திரம், அதாவது உரிமைச் சங்கிலி தொடங்குகிற மூலப் பத்திரம், கிடைக்கும் வரை பின்னால் போங்கள், அசல் தொலைந்துவிட்டது என்றால் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குங்கள்.

ஈ.சி., அதாவது இந்த வில்லங்கச் சான்று, சுத்தமாக இருந்தால் எல்லாம் சுத்தம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பதிவு செய்யாத உயில் அதில் வராது. நீதிமன்ற வழக்கு பெரும்பாலும் வராது. பதிவு செய்யாமல் போக்கியத்துக்கு இருப்பவர் கொடுத்த பணம் வராது. விற்பனையில் கையெழுத்துப் போடாத அத்தை அதில் வர மாட்டார்.

அந்த அத்தை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாமல் இருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களைப்போலவே பங்கு உண்டு. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. இது இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசு விதிகள் வேறு, ஆனால் அங்கேயும் பெண்களுக்குப் பங்கு உண்டு. அண்ணன் தம்பிகள் மட்டும் உட்கார்ந்து பாகம் பிரித்துக்கொண்ட பத்திரத்தைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறதா, அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை ஏற்கெனவே பதிவுசெய்து கொடுத்திருக்கிறதா என்று டிக் அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு மொத்தம் ஒன்பது வாரிசுகள். ஒருவர் கனடாவில், ஒருவர் மலேசியாவில். வெளிநாட்டில் இருப்பவர் அங்கே தூதரகத்தில் சான்று வாங்கி, தனக்காக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம் அனுப்பினால், அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டி முறைப்படுத்த வேண்டும். அந்த இரண்டு கையெழுத்துக்காகவே நாங்கள் ஐந்து மாதம் காத்திருந்தோம். காத்திருந்தது நல்லது என்றே இன்றைக்கும் சொல்வேன். ஒன்பதாவது வாரிசான ஒரு பெரியம்மா, கையெழுத்துப் போட வந்தபோது தான் பிறந்த அறையைப் போய்ப் பார்த்துவிட்டு, "இடிச்சிடாதப்பா" என்று மட்டும் சொன்னார்.

உயில் மூலம் வந்த வீடு என்றால் கூடுதல் கவனம். சென்னை நகருக்குள் இருக்கும் சொத்துக்கு உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று, வாங்க வேண்டும் என்பது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. அந்த உயிலுக்கு அது வாங்கப்பட்டதா, வாங்காவிட்டால் அதன் நிலை என்ன என்பதை வக்கீல் எழுத்தில் சொல்லட்டும். பவர் பத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "நான்தான் ஓனர்" என்று சொல்கிறவரிடம் வாங்கவே வேண்டாம். பவர் மூலம் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

வீட்டில் குடித்தனக்காரர் இருந்தால் வீடு காலியாகிச் சாவி உங்கள் கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தவணை. நாற்பது வருஷமாகச் சொற்ப வாடகைக்கு இருக்கிற குடும்பத்தை "நீங்க வாங்கிக்கோங்க, அவங்களை அப்புறம் பேசிக்கலாம்" என்று உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது அந்தக் குடும்பத்துக்கும் அநியாயம், உங்களுக்கும் அநியாயம்.

எல்லாம் சரியாகத் தெரிந்தபின் வக்கீல் மூலம் இரண்டு நாளிதழ்களில் பொது அறிவிப்பு கொடுங்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் அப்போதே வெளியே வருவார்கள்.

கடல் எவ்வளவு தூரம்

உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், எல்லாரும் சொல்கிற மாதிரி சொன்னால் சி.ஆர்.இசட். 1991இல் வந்த அறிவிக்கை, 2011இலும் 2019இலும் திருத்தி எழுதப்பட்டது. கடலுக்கு மட்டும் இல்லை, அலையேற்றம் உள்ள கூவம், அடையாறு போன்ற நீர்நிலைகளின் கரைக்கும் இது பொருந்தும், அங்கே தூரம் குறைவு. நகரத்துக்குள் ஏற்கெனவே வீடுகள் நெருக்கமாக உள்ள இடங்கள் இரண்டாம் வகையில் வரும். அங்கே ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் கட்டலாம், கடல் பக்கமாகக் கட்ட முடியாது. அனுமதியோடு கட்டிய பழைய வீட்டை, பயன்பாட்டை மாற்றாமல் திரும்பக் கட்டவும் பழுது பார்க்கவும் வழி இருக்கிறது. அனுமதி இல்லாமல் கட்டியது என்றால் அந்த வழியும் அடைபட்டுவிடும். சந்தேகம் இருந்தால் உயர் அலைக்கோட்டை அளந்து வரைபடம் கொடுக்கிற அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் உண்டு, அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கரையே நகர்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். 1870களில் கடலுக்குள் துறைமுகச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பர்ப் புயல் அதை உடைத்துப் போட்டது, விடாமல் திரும்பக் கட்டினார்கள். சுவர் மணலைத் தெற்கே தடுத்து நிறுத்தியது, மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து நின்றுபோய்க் கரை அரிக்க ஆரம்பித்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையோரம் கொட்டி வைத்திருக்கும் கருங்கற்கள் அதனால்தான். ஆகவே துறைமுகத்துக்கு வடக்கே வாங்குகிறீர்கள் என்றால் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். இரண்டு தெருவும் விரைவுச்சாலையும் கல்தடுப்பும் இருந்தால் ஒன்று, ஒரு குப்பமும் வெறும் மணலும் மட்டும் இருந்தால் வேறு. கடலைப் பார்த்த முதல் வரிசை வீடு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களை எனக்குப் புரிகிறது, ஆனால் 2004 டிசம்பர் 26ஐ இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. நான் மூன்றாவது தெருவையே சொல்வேன்.

வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்றும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) கேட்டுவிடுங்கள். 2010இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 467 கட்டடங்களும் இடங்களும் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தது. பட்டியலில் உள்ளதைப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவைக் கேட்காமல் மாற்ற முடியாது. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், பழவேற்காடு பக்கம் தேடுகிறவர்களுக்கு இன்னொரு விதி: மத்தியத் தொல்லியல் துறையின் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும்.

சுவரைத் தட்டிப் பார்க்கும் நேரம்

இப்போதுதான் வீட்டுக்குள் போகிறோம். கூட ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரையும், கிடைத்தால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையும் கூட்டிப் போங்கள்.

மெட்ராஸ் தளம் என்பது தேக்கு உத்திரங்களின்மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டோடு பதிப்பது. நூறு வருஷம் தாங்கும், ஆனால் உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஈரம் பட்டால் அங்கே உளுத்துவிடும். நடுவில் பார்த்தால் மரம் இரும்பு மாதிரி இருக்கும். முனையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்த உத்திரம் மாற்ற வேண்டியது. தளத்தின் கீழே வெள்ளை அடித்துப் புதுசாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள், மழைக்கு முன் அடித்த வெள்ளையா, மழைக்கறையை மறைக்க அடித்ததா என்று கேளுங்கள். மொட்டை மாடியில் ஒழுகலுக்காக மேலே மேலே சிமென்ட் கான்கிரீட் போட்டிருந்தால் அந்த எடை முழுதும் உத்திரத்தின் தலையில்தான்.

சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள். அவை தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து பொரிந்து விழும். நாங்களே முதல் வருஷம் கூடத்தில் சிமென்ட் பூசி, நல்ல எமல்ஷன் பெயின்ட்டும் அடித்தோம். இரண்டு மழைக்காலத்தில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் உதிர்ந்தது. சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும் அடித்த பிறகுதான் நின்றது. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்கள் குறைவு. பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் சென்னைக் கிளையில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

பழைய வீட்டின் பின்பக்கம் 1970, 80களில் ஒட்டுப்போட்ட கான்கிரீட் பகுதி ஏதாவது இருந்தால், அதைத்தான் நான் அதிகமாகச் சந்தேகப்படுவேன். உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட் பெயர்ந்து விழும். நூறு வருஷத்துச் சுண்ணாம்புச் சுவர் நிற்கும்போது நாற்பது வருஷத்து சன்ஷேட் தலையில் விழுகிற ஊர் இது.

கரையான், பழைய வயரிங் இரண்டையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். வயரிங் முழுதும் புதுசாக மாற்றும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கீல், தாழ்ப்பாள் எல்லாம் பித்தளையில் இருந்தால் கழற்றி எறியாதீர்கள், இந்தக் காற்றுக்கு அதுதான் சரி.

தண்ணீர் விஷயம் சுருக்கம்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிக் கிணற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் சோதியுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தரநிலை. மே மாதம் ஒரு தடவை சோதியுங்கள், மழைக்குப்பின் வரும் அளவு உங்களை ஏமாற்றும். மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேளுங்கள். மழைநீர் சேகரிப்பு பேருக்கு இல்லாமல் நிஜமாகவே கிணற்றோடு இணைந்திருந்தால் அந்த வீட்டுக்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன்.

பணமும் பதிவும்

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திர விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்கு. 90 லட்சத்துக்கு வாங்கினால் 6 லட்சத்து 30 ஆயிரமும் 1 லட்சத்து 80 ஆயிரமும், ஆக 8 லட்சத்து 10 ஆயிரம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதம் வரியாக (இதற்கும் டி.டி.எஸ். என்றுதான் பெயர்) பிடித்து நீங்கள்தான் வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டுவாசி என்றால் அவர் பங்குக்குப் பிடித்தம் இதைவிட மிக அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் செக் எழுதாதீர்கள். 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வேண்டாம், சட்டமும் விடாது. "பாதி வெள்ளை பாதி கருப்பு" என்று பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வங்கிக்கடன் வாங்குவதாக இருந்தால் முதலிலேயே வங்கியில் கட்டடத்தின் வயதைச் சொல்லிக் கேளுங்கள். பல வங்கிகள் மிகப் பழைய கட்டடத்துக்குத் தயங்கும், மனை மதிப்புக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கொடுக்கும். அட்வான்ஸ் கொடுத்தபின் இது தெரிந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், மூன்று மாதம் என்று எழுதாமல் வாரிசுகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஆறு மாதமாவது எழுதுங்கள்.

பதிவு முடிந்ததும் அலுப்பில் விட்டுவிடாமல் பட்டா பெயர் மாற்றம், மாநகராட்சி சொத்து வரி, குடிநீர் வாரியம், மின் இணைப்பு நான்கையும் அடுத்தடுத்து முடியுங்கள். சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 5000 ரூபாய்.

குடிபோனதும் பெரிய மராமத்து எதையும் ஆரம்பிக்காதீர்கள். அவசரமாக வயரிங்கையும் கழிவறையையும் மட்டும் சரிசெய்துவிட்டு ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் இருங்கள். எங்கே ஒழுகுகிறது, சுவரில் ஈரம் எந்த உயரம் வரை ஏறுகிறது, எந்த ஜன்னல் வழியாகச் சாரல் வருகிறது என்று ஒவ்வொன்றையும் சாக்பீஸால் சுவரிலேயே குறித்துத் தேதி போட்டு வையுங்கள். தை பிறந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தக் குறிகளைக் காட்டுங்கள். எங்கள் கூடத்துச் சுவரில் கதவுக்குப் பின்னால் அப்படிக் குறித்த ஒரு கோடு இன்னும் இருக்கிறது, அதற்குமேல் ஈரம் ஏறவில்லை.